முனைவர் பட்டம் இல்லாமல் மருந்து ஆய்வாளர் கெர்ட்ரூட் எலியனுக்கு நோபல் எப்படிக் கிடைத்தது?

மருந்துகளாலும் ஆய்வுக் கட்டுரைகளாலும்தான். 1944-இல் அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஆய்வாளர் ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். மாலை வகுப்பில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, முழுநேரமாக வரச் சொன்னார்கள். படிப்பை விட்டார், வேலையை விடவில்லை. மருந்து கம்பெனி என்றாலும் கண்டுபிடித்ததைப் பூட்டி வைக்காமல் வெளியிட விட்டார்கள். அது பெரிய விஷயம். 200-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன.

அவரது 6-மெர்காப்டோபியூரின் என்ற மருந்து ஒரு போலி மூலப்பொருள். புற்றுநோய் செல் பெருக டி.என்.ஏ. வேண்டும், அதைக் கட்டப் பியூரின் என்ற மூலப்பொருள் வேண்டும். பியூரின் சாயலில் உள்ளே புகுந்து இது வேலையைக் கெடுக்கும். செங்கல் மாதிரியே இருந்து கலவை ஒட்டாத கல்லைக் கொத்தனாரிடம் கொடுத்தால் சுவர் எழும்புமா? ரத்தப் புற்றுநோய்க்கு 1953-இல் அனுமதி, அப்புறம் 1988-இல் நோபல்.

இது புற்றுநோய் செல்லை மட்டும் தாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ரத்தத்தை உருவாக்கும், வேகமாகப் பெருகும் எலும்பு மஜ்ஜை செல்களையும் பாதிக்கும், அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை.