தாமதமாக வந்த குரல்

வணக்கம். பெண் பிள்ளை பெரியவளானால் பந்தல் போட்டு மஞ்சள் நீராட்டுகிறோம். பையனுக்கு மீசை அரும்பினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆப்பிரிக்காவில் பையனை ஆணாக்கும் சடங்கு உண்டு, மண்டேலா அதில்தான் தலைவராக உருவானார் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். என் மகனுக்கு 15 வயது. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கக் கூசுகிறான். நாமும் அப்படி ஒன்றை ஏற்படுத்தினால் என்ன?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

மண்டேலா அந்தச் சடங்குக்கு உட்பட்டது உண்மை. மேடையில் சொன்னவர், அதைப் பற்றி மண்டேலாவே எழுதியதைப் படித்திருந்தால் அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டார்.

அப்போது அவருக்கு 16 வயது. ம்பாஷே ஆற்றங்கரையில் இரண்டு புல்குடிசைகளில் 26 பையன்கள். சடங்குக்கு முன் ஏதாவது துணிகரம் செய்ய வேண்டும் என்பது வழக்கம். இவர்கள் ஒரு கிழட்டுப் பன்றிக்கு நாட்டு பீரின் கசடைக் காட்டி ஆசை காட்டி, தங்கள் பக்கம் வரவழைத்து, சுட்டுத் தின்றார்கள். அதைவிட ருசியான பன்றிக்கறியைத் தான் தின்றதேயில்லை என்கிறார். பிறகு விருத்தசேதனம், அதாவது ஆண்குறியின் முன்தோலை வெட்டுவது. மயக்க மருந்து கிடையாது. கத்தி பட்டவுடன் "நான் ஆண்" என்று தங்கள் தாய்மொழியான கோசாவில் உரக்கக் கூவ வேண்டும். மண்டேலா வலியில் முகவாயை மார்பில் புதைத்துக்கொண்டார். கூவ வேண்டும் என்பது நினைவுக்கு வரவே சில நொடிகள் ஆயின. மற்றவர்கள் சட்டென்று கூவிவிட்டார்கள், எனக்குத்தான் தாமதம் என்று வெட்கப்பட்டதாக, உலகமே கொண்டாடிய பிறகு எழுதுகிறார். எனக்கு அந்தக் கூவலைவிட இந்த ஒப்புதல்தான் பெரிதாகப் படுகிறது.

சடங்கு முடிந்ததும் மெலிக்கிலி என்ற குலத்தலைவர் வாழ்த்த எழுந்தார். வாழ்த்தவில்லை. உங்களுக்கு ஆண்மை வாக்களிக்கப்பட்டிருக்கிறது, அது வெற்று வாக்கு. சொந்த நாட்டிலேயே நாம் அடிமைகள் என்றார். இளம் மண்டேலாவுக்குக் கோபம்தான் வந்தது, நல்ல நாளில் இப்படியா என்று. அந்தப் பேச்சு உள்ளே இறங்க வருஷங்கள் ஆயின.

தலைமை பற்றி அவர் கற்றது வேறு இடத்தில், அதற்கும் முன்பே. தகப்பனார் இறந்த பிறகு அவரை வளர்த்தவர் மண்டேலாவின் இனமான தெம்பு மக்களின் பொறுப்பாட்சியாளர், அதாவது அரச வாரிசு வளரும்வரை ஆள்பவர், ஜோங்கின்டாபா. அவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் நடக்கும். குறுநிலத் தலைவர், கடைக்காரர், கூலியாள் என்று யார் வேண்டுமானாலும் பேசலாம். (பெண்களுக்கு இடமில்லை. அதையும் மண்டேலா மறைக்கவில்லை.) பொறுப்பாட்சியாளரை முகத்துக்கு நேரே திட்டுவார்கள். அவர் முகம் மாறாது, குறுக்கே ஒரு சொல் வராது. எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகே வாயைத் திறப்பார். உடன்பாடு வராவிட்டால் இன்னொரு நாள் கூடுவார்கள். பையன் மண்டேலா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சடங்குக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் இன்றும் அது நடக்கிறது. தேர்ச்சியில்லாதவர்கள் கத்தி எடுப்பதாலும், தண்ணீர் கொடுக்காமல் வைப்பதாலும் பிள்ளைகள் இறந்தும் போகிறார்கள். 2021இல் இதற்கென்றே தனிச்சட்டம் போட வேண்டியதாயிற்று. அந்தச் சடங்கைக் கடன் வாங்குவதற்கு முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் பாசனச் சங்கமோ கோயில் கமிட்டியோ கூடினால் மகனை அழைத்துப் போய் ஓரமாக உட்கார வையுங்கள். பேசச் சொல்லாதீர்கள். திரும்பி வரும்போது, யார் பேச்சை யார் வெட்டினார்கள் என்று மட்டும் கேளுங்கள். பன்றிக் கதையை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.