அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த பிறகு பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது? பெயர், பெற்றோர் விவரங்களில் என்ன எழுதுவது?

முதலில் வாழ்த்துகள். பிரமாணம் எடுத்துக் குடியுரிமைச் சர்டிஃபிகேட் வாங்கியாச்சு, சீக்கிரம் ஊருக்குப் போக வேண்டும், ஃபார்மில் பெயரும் பெற்றோர் பகுதியும் குழப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்த ஃபார்மை நான்தான் நிரப்பினேன். நண்பர்கள் சிலருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து உதவியிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

ஃபார்மைத் தொடுவதற்கு முன்னால் சர்டிஃபிகேட்டை எழுத்து எழுத்தாகப் படித்துவிடுங்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இனிமேல் அமெரிக்க அரசுக்கு உங்கள் பெயரைச் சொல்லும் தாள் அதுதான், பழைய இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. அதில் பிழை இருந்தால் பாஸ்போர்ட்டிலும் அது தொடரும். திருத்துவதற்கு என்-565 என்ற தனி ஃபார்ம் இருக்கிறது. குடியேற்றத் துறையே செய்த பிழை என்றால் அதற்குக் கட்டணம் கிடையாது.

முதல் பாஸ்போர்ட்டுக்கான ஃபார்ம் டிஎஸ்-11. அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்திலேயே விவரங்களைத் தட்டச்சு செய்து அச்செடுத்துக்கொள்ளலாம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுங்கள். கையால் எழுதுவதானால் கறுப்பு மை. தப்பாகிவிட்டால் வெள்ளை மை பூசாமல் புதுத் தாளில் எழுதுங்கள். முக்கியமாக, வீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். போஸ்ட் ஆபீஸிலோ நூலகத்திலோ கவுன்டி அலுவலகத்திலோ விண்ணப்பம் வாங்கும் அலுவலர், எழுதியதெல்லாம் உண்மை என்று வலது கையை உயர்த்திச் சொல்ல வைப்பார். அதற்கப்புறம் அவர் கண் முன்னால்தான் கையெழுத்து.

நம்மவர்கள் தடுமாறுவது பெயரில்தான். உதாரணத்துக்கு க. செந்தில்குமார் என்று ஒருவர். இந்தியப் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயர் கந்தசாமி குடும்பப் பெயராக ஏறியிருக்கும். பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். அவர் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயர் கடைசிப் பெயர், அப்புறம் செந்தில்குமார். டிஎஸ்-11-இன் முதல் கட்டத்தில் சர்டிஃபிகேட்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். இதுவரை பயன்படுத்திய வேறு பெயர்களைக் கேட்கும் கட்டம் தனியாக உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய பெயர், சட்டப்படி மாற்றுவதற்கு முந்தைய பெயர் எல்லாம் அங்கே போகும். அங்கே எதையும் மறைக்க வேண்டியதில்லை. பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது அது உங்களுக்குத்தான் உதவும்.

விசாவில் முதல் பெயர் இல்லாமல் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் குடியுரிமை விண்ணப்பமான என்-400-லேயே பெயர் மாற்றத்தைக் கேட்டுவிடுவது நல்லது. ஆனால் நீதிமன்றத்தில் பிரமாணம் நடக்கும் இடங்களில்தான் அது கிடைக்கும். இன்னும் பிரமாணம் எடுக்காதவர்கள் யாராவது இதைப் படித்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெற்றோர். அவர்கள் பிறந்தபோது இருந்த கடைசிப் பெயரைக் கேட்கிறார்கள். குடும்பப் பெயரே இல்லாத வீட்டில் என்ன எழுதுவது? என் அம்மாவின் பெயருக்கு முன்னால் கல்யாணத்துக்கு முன்பு தாத்தாவின் இனிஷியல் இருந்தது. அதனால் தாத்தாவின் முழுப் பெயரைக் கடைசிப் பெயராக எழுதினேன். அப்பாவுக்கும் அப்படித்தான், அவருடைய அப்பா பெயர். எந்தத் தடங்கலும் வரவில்லை. என்-400-லோ கிரீன் கார்டு விண்ணப்பத்திலோ பெற்றோர் பெயரை ஏற்கெனவே எழுதியிருப்பீர்கள். நகல் இருந்தால் எடுத்துப் பார்த்து அதே மாதிரி எழுதுங்கள். அந்தக் காலத்து ஆட்கள் பலருக்குப் பிறந்த தேதி சரியாகத் தெரியாது. உண்மையிலேயே தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், ஒரு தேதியை இட்டுக்கட்ட வேண்டாம். உங்கள் பெற்றோர் அமெரிக்கக் குடிமக்களா என்ற கேள்விக்கு அவர்களுடைய இன்றைய நிலைதான் பதில்.

பிறந்த ஊரைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். பழைய பாஸ்போர்ட்டில் மெட்ராஸ், இப்போது சென்னை. ஃபார்ம் கேட்பது இப்போது வழங்கும் பெயரை. அதோடு, வெளிநாட்டில் பிறந்தவர்களின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் ஊர் அச்சாவதில்லை, நாடு மட்டும்தான்.

இதற்கு முன் பாஸ்போர்ட் வாங்கியிருக்கிறீர்களா என்ற கேள்வி அமெரிக்கப் பாஸ்போர்ட்டை மட்டும் குறிக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் எண்ணை அங்கே எழுதாமல் இல்லை என்று குறியிடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை விடாமல் எழுதுங்கள். மற்ற கட்டங்கள் எளிது.

கையில் கொண்டுபோக வேண்டியவை: மூலச் சர்டிஃபிகேட், அதன் ஒரு நகல், ஓட்டுநர் உரிமம், அதன் இரண்டு பக்கத்துக்கும் நகல், இரண்டுக்கு இரண்டு அங்குலத்தில் வெள்ளைப் பின்னணியில் கண்ணாடி போடாமல் எடுத்த ஒரு புகைப்படம். சர்டிஃபிகேட்டில் அனுமதியில்லாமல் நகலெடுப்பது குற்றம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு நகல் கேட்பதே அரசுதான், தாராளமாக எடுக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 130 டாலர், செக்காகவோ மணி ஆர்டராகவோ வெளியுறவுத் துறை பெயருக்கு. விண்ணப்பம் வாங்கும் இடத்துக்கு 35 டாலர் தனி. இரண்டையும் ஒரே செக்கில் எழுதினால் வாங்க மாட்டார்கள். விரைவாக வேண்டுமென்றால் இன்னொரு 60 டாலர். போவதற்கு முன்னால் கட்டணத்தைத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மூலச் சர்டிஃபிகேட்டை அலுவலர் உறையில் வைத்து ஒட்டும்போது மனசு கொஞ்சம் பதறும். அவ்வளவு வருஷம் காத்திருந்து வாங்கிய தாள் இல்லையா? கிரீன் கார்டையும் பிரமாணத்தன்றே திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். பாஸ்போர்ட் வரும்வரை குடிமகன் என்று காட்ட மூல ஆவணம் எதுவும் கையில் இருக்காது. ஆகவே அனுப்புவதற்கு முன்னால் நல்ல நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமை மாற்றத்தைப் பதிவு செய்யச் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தால் அந்த வேலையையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அங்கேயும் மூலத்தைத்தான் கேட்பார்கள். சர்டிஃபிகேட் பத்திரமாகத் திரும்பி வரும், ஆனால் பாஸ்போர்ட்டோடு வராது, தனி உறையில் வரும். பாஸ்போர்ட் வந்த பிறகும் அதைக் காணோமே என்று உடனே கலங்க வேண்டாம்.

பிள்ளைகள் இருந்தால் இதையும் கவனியுங்கள். கிரீன் கார்டோடு இங்கே உங்கள் பொறுப்பில் உங்களுடன் வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, நீங்கள் பிரமாணம் எடுத்த அன்றே தானாகக் குடியுரிமை பெற்றுவிடுகிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கு வழி செய்கிறது. உங்கள் சர்டிஃபிகேட், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு இவற்றை வைத்து நேராகப் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்கலாம். 16 வயதுக்குக் கீழ் என்றால் அப்பா அம்மா இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவரால் முடியாவிட்டால் டிஎஸ்-3053 ஃபார்மில் நோட்டரி முன் கையெழுத்திட்டுச் சம்மதம் கொடுக்க வேண்டும்.

ஊருக்குப் போகும் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தியப் பாஸ்போர்ட் இன்னும் காலாவதி ஆகவில்லையே என்று அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி நீங்கள் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம் உண்டு. திரும்பி வரும்போது அமெரிக்காவுக்குள் நுழையவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் வேண்டும். பயணம் 14 நாளுக்குள் என்றால் வெளியுறவுத் துறையே நடத்தும் பாஸ்போர்ட் ஏஜென்சியில் அப்பாயின்ட்மென்ட் கேட்டுப் பாருங்கள்.

பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதை ஒப்படைத்துச் சரண்டர் சர்டிஃபிகேட் வாங்கினால்தான் பிறகு ஓசிஐ அட்டைக்கு, அதாவது வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டைக்கு, விண்ணப்பிக்க முடியும். அதற்கும் குடியுரிமைச் சர்டிஃபிகேட்டின் நகல் கேட்பார்கள். ஓசிஐ விண்ணப்பத்துக்குப் புது அமெரிக்கப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்பதால், டிஎஸ்-11-ஐ இந்த வாரமே கொடுத்துவிடப் பாருங்கள்.