ஹட்யாய் சரி, பெத்தோங்குக்கு எந்த வழி?

கேள்வி: ஆண்டு இறுதி விடுமுறையில் அம்மா அப்பா, இரண்டு பிள்ளைகளுடன் மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து காரில் தென் தாய்லாந்தின் ஹட்யாய் போய், அப்படியே அங்கே யாலா மாகாணத்தில் இருக்கும் பெத்தோங்கையும் பார்த்துவரத் திட்டம். யாலாவுக்கு அவசியமின்றிப் போகாதீர்கள் என்கிறது பிரிட்டன் அரசு. அக்கம்பக்கத்தாரோ அடிக்கடி போய்வருகிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. பயண எச்சரிக்கையை நாட்டின் பெயரை வைத்துப் படித்தால் குழப்பம்தான். மாவட்டத்தையும் சாலையையும் பாருங்கள். 2004 முதல் பிரிவினைக் கிளர்ச்சி நீடிப்பது பட்டானி, யாலா, நாராதிவாட் மாகாணங்களிலும், சொங்க்லாவின் சானா, தேபா, நாத்தவி, சபாயோய் மாவட்டங்களிலும்தான். ஹட்யாய் சொங்க்லாவில் இருந்தாலும் அந்த நான்கில் சேராது. அதற்காகக் குண்டே வெடிக்காத ஊர் என்று சொல்ல முடியாது. 2012 மார்ச் 31 அன்று அங்கே ஒரு ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் கார் குண்டு வெடித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலரைத் தாக்கியது புகை. அதனால் அறையைக் கீழ்மாடிகளில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள்.

உங்கள் திட்டத்தில் சிக்கல் ஊர்களில் இல்லை, இரண்டுக்கும் நடுவே இருக்கும் சாலையில்தான். ஹட்யாயிலிருந்து தாய்லாந்துக்குள்ளேயே பெத்தோங் போனால், கிளர்ச்சிப் பகுதியைக் கடந்து 410-ஆம் சாலையில் மலையேற வேண்டும். அது வேண்டாம். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வழியாக மலேசியாவுக்குத் திரும்பி, இங்குள்ள பாலிங், பெங்கலான் ஹுலு வழியாக மீண்டும் தாய்லாந்துக்குள் நுழையுங்கள். சுற்றுதான், ஆனால் பெத்தோங் எல்லையை ஒட்டிய ஊர், உள்ளே ஓட்டவேண்டிய தூரம் கொஞ்சம்தான். அங்கும் 2014 ஜூலையில் கார் குண்டு வெடித்திருக்கிறது. காவல் நிலையம், ராணுவச் சாவடி, அரசு அலுவலகம் அருகே நிற்காதீர்கள். எங்காவது வெடித்தால் வீடியோ எடுக்க ஓடவே கூடாது. கூடும் கூட்டத்தைக் குறிவைத்து இரண்டாவது குண்டு வைப்பது அங்கே பழைய தந்திரம்.

இரண்டு முறை நுழைவதால் தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையையும் ஒவ்வொரு முறையும் தனித்தனியே நிரப்ப வேண்டும். வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். எல்லைச் சோதனைச்சாவடி மூடும் நேரத்தைக் கணக்கிடும்போது இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

ஆண்டு இறுதியில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது வெள்ளம். 2000, 2010, 2025 நவம்பர்களில் ஹட்யாய் மூழ்கியது. கடைசி முறை மலேசியச் சுற்றுப்பயணிகள் ஆயிரக்கணக்கில் ஹோட்டல்களில் சிக்கினார்கள். கனமழை எச்சரிக்கை வந்தபின் வாங்கும் பயணக் காப்புறுதி அந்த வெள்ளத்துக்குப் பெரும்பாலும் உதவாது. முன்பதிவு செய்த அன்றே வாங்குங்கள். போரும் கிளர்ச்சியும் பொதுவாக விலக்குப் பட்டியலில் இருக்கும். பயங்கரவாதம் பாலிசிக்குப் பாலிசி மாறும். யாலா மாகாணத்தில் செல்லுமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

நம் கார் காப்புறுதி தாய்லாந்துக்குத் தானாக நீளாது. எல்லையில் விற்கும் கட்டாயக் காப்புறுதி மனிதர்களின் காயத்துக்கு மட்டும். காரின் சேதத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். கார் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும் தேவை. உள்ளே நுழையும்போது சுங்கத்தில் தரும் வாகனத் தாளைத் திரும்பும்போது ஒப்படையுங்கள், மறந்தால் அபராதம்.

புறப்படுமுன் நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் பயணத்தைப் பதிந்துவிடுங்கள். அப்பகுதிக்கான நம் துணைத் தூதரகம் சொங்க்லா நகரில் இருக்கிறது. சுற்றுலா போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669: கைப்பேசியில் மட்டுமல்ல, ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையிலும் வையுங்கள்.