கடைக்குக் கடை அதே ஹெர்ப் ஆல்பர்ட்!

கேள்வி: லண்டனில் பழைய பொருள் விற்கும் எந்தச் சாரிட்டி கடைக்குப் போனாலும் ஜாஸ் ரெக்கார்டு பெட்டியில் ஆக்கர் பில்க், கென்னி பால் என்ற பிரிட்டிஷ் ஜாஸ்காரர்கள்தான். ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் கம்பெனியின் ரெக்கார்டு கண்ணிலேயே படுவதில்லை. ஏன்?

பதில்: பில்க்கை வாங்கியவர்கள் எல்லாரும் ஜாஸ் பைத்தியங்கள் இல்லை. ரேடியோவில் கேட்டுப் பிடித்துப்போய் வாங்கியவர்களே அதிகம். அவருடைய 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி ஷோர்' 1962இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலிலேயே முதலிடத்துக்குப் போனது. அந்தத் தலைமுறை இப்போது போய்ச்சேர, வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள் பெட்டியோடு கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். ப்ளூ நோட் சின்ன கம்பெனி. அச்சடித்ததே குறைவு, வாங்கியவரும் லேசில் விடமாட்டார். விட்டாலும் நேரே வியாபாரி கைக்குத்தான் போகும்.

கேள்வி: ட்ரம்பெட் கலைஞர் ஹெர்ப் ஆல்பர்ட்டின் 'விப்டு க்ரீம்' எல்.பி. ரெக்கார்டை ஒருவர் "மிக அரிது, கீறலே இல்லை" என்று சொல்லி ஆன்லைனில் 60 டாலருக்குத் தலையில் கட்டிவிட்டார். வந்ததைப் பார்த்தால் ஒரே கீறல். பணத்தைத் தர மறுக்கிறார்.

பதில்: விடாதீர்கள். 1965இல் வந்து அமெரிக்காவில் மட்டும் அறுபது லட்சத்துக்கு மேல் விற்ற தட்டு அது. அட்டைப் படத்தில் இருக்கும் பெண் மேல் அப்பியிருப்பதுகூட விப்டு க்ரீம் இல்லை, பெரும்பாலும் ஷேவிங் க்ரீம். "அரிது" என்பதும் அந்த லட்சணம்தான். ஆனால் "அரிது" என்பதை வைத்துச் சண்டை போட்டால் தோற்பீர்கள், அது என் அபிப்பிராயம் என்று தப்பித்துவிடுவார். "கீறலே இல்லை" என்று எழுதியதைப் பிடியுங்கள். விளம்பரத்தையும் தட்டையும் படமெடுத்து, வர்ணனைக்கு மாறான பொருள் என்று தளத்தில் இன்றே புகார் கொடுங்கள்.

கேள்வி: பத்து ரெக்கார்டு மொத்தமாக வாங்கினேன். ஏழில் ஊசி குதிக்கிறது.

பதில்: உறையிலிருந்து எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தீர்களா? இல்லையல்லவா. அனுபவியுங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டுப் பரணில் டேவ் ப்ரூபெக், அல் ஹர்ட் என்று ஒரு பெட்டி ஜாஸ் ரெக்கார்டுகள். பழைய சொந்தக்காரர் ஜாஸ் ரசிகரே இல்லையாம். எப்படி வந்திருக்கும்? எவ்வளவு தேறும்?

பதில்: பெரிதாகத் தேறாது. எப்படி வந்தது என்று கேட்டீர்கள் பாருங்கள், அது என் வயிற்றெரிச்சல். கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி 1955இல் தபால் வழி ரெக்கார்டு கிளப் தொடங்கியது. ஜாஸுக்கென்றே ஒரு பிரிவு. மாதாமாதம் அவர்களே ஒரு தட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். 'வேண்டாம்' என்று கார்டு போட மறந்தால் தட்டும் வரும், பில்லும் வரும். சும்மா இருந்தாலே சம்மதம்! இப்படி வந்து பிரிக்காமலே கிடந்த தட்டுகள் எத்தனையோ. கார்டு அனுப்ப 10 நாளாவது அவகாசம் தர வேண்டும் என்று அரசு விதி வந்ததே 1973இல்தான். இன்றைக்கு 'முதல் மாதம் இலவசம்' என்கிற ஆப்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நான் திறந்தே பார்க்காத ஒரு யோகா ஆப்புக்கு மாதாமாதம் அழுதுகொண்டிருந்தேன். சரி, ப்ரூபெக்கின் 'டைம் அவுட்' இருந்தால் விற்காதீர்கள், போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஒருவர் விற்கும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ரெக்கார்டு 1959 முதல் பதிப்பு என்கிறார். அட்டைப் படம் மட்டும் அனுப்பினார். முன்பணம் அனுப்பலாமா?

பதில்: கூடாது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் கொலம்பியா லேபிளின் படம் கேளுங்கள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என்று கண் போன்ற ஆறு சின்னங்கள் இருக்க வேண்டும். அனுப்பத் தயங்கினால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.