மாம்பலகையில் மேசை: அவசரப்பட்டால் கோணும்

கேள்வி: புயலில் சாய்ந்த மாமரத்தைத் தோட்டத்திலேயே செயின்சாவால் 2½ அங்குலப் பலகைகளாக அறுத்து அடுக்கினேன். நான்கு மாதம் ஆகிறது. ஓரத்தைச் சீவாமல், மரத்தின் இயல்பான வளைவோடு சாப்பாட்டு மேசை செய்ய ஆசை. முனைகள் வெடித்திருக்கின்றன; அடியில் மாவு கொட்டுகிறது. இப்போதே ஆசாரியிடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பலகை காய, கனத்தில் அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. வெக்கையான ஊரில் சற்று முன்னதாகக் காயலாம், ஆனால் நான்கு மாதத்தில் மேல்தோல்தான் காய்ந்திருக்கும். ஈரமானியில் 12 சதவீதம் அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். ஈரமானி இல்லையா? சிறிய பலகை ஒன்றை மாதாமாதம் எடை போட்டு, தேதியோடு அதன் மேலேயே எழுதுங்கள். கோடையில் அடுத்தடுத்து மூன்று முறை எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. பிறகு ஒரு மாதம் மேசை போடப்போகும் அறையிலேயே கிடக்கட்டும். ஏசி அறை என்றால் இது கட்டாயம்.

ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனை சுருங்கும்போது உள்மரம் இன்னும் ஊறியே இருப்பதால் வெடிக்கிறது. அறுத்த அன்றே பூசியிருக்க வேண்டும். பரவாயில்லை, இப்போது எனாமல் பெயின்ட்டைக் கெட்டியாக மூன்று கை பூசுங்கள். வெடித்த பகுதியை இப்போதே நறுக்கினால் புது முனையும் வெடிக்கும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுக்கைப் பிரித்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நிழலில் மறுபடி அடுக்குங்கள். பலகைகளுக்கு இடையே ஒன்றரை அடிக்கு ஒன்றாக 1 அங்குல ரீப்பர் கட்டைகள், மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில். அவை விலகினால் பலகை அலைபோல் வளையும். உச்சியில் கல் பாரம் ஏற்றுங்கள்.

மாவு என்பது உளுப்பூச்சியின் வேலை. மாமரத்தில் வைரம் (முற்றிய உள்மரம்) குறைவு. வெளிமரத்து மாச்சத்துதான் அதற்குத் தீனி. மரப்பட்டையை முழுக்க உரித்துவிடுங்கள், அழகுக்காக விட்டால் பூச்சிக்கு வீடு. 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து, கையுறையோடு இருபுறமும் மூன்று முறை பூசவும். ஆழத்தில் இருக்கும் புழுவுக்கு இது எட்டாது. மரம் பதப்படுத்தும் சூளை அருகில் இருந்தால் காசைப் பார்க்காமல் அனுப்புங்கள்: பலகையின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் இருந்தால் புழுவும் முட்டையும் சாகும்.

மரத்தின் மையம் ஓடும் பலகையை மேசைக்கு எடுக்க வேண்டாம். வளர்ச்சி வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் நடுவில் பிளந்தே தீரும்.

காய்ந்த பின், ரவுட்டரை (சுழலும் கத்தியால் மரம் சீவும் கருவி) தண்டவாளச் சட்டத்தில் ஓட்டி, ஒரு தடவைக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், இருபக்கமும் சமமாகச் சீவுங்கள். ஒரே பக்கம் சீவினால் மறுபடி கோணும். கனம் 2 அங்குலத்துக்குக் கீழே வந்தால் ஆச்சரியமில்லை. ஓட்டைகளுக்கு எபாக்சி பிசின் ஊற்றலாம். ஈர மரத்தில் அது பிடிக்காது.

இரும்புக் கால்களை இறுக்கிப் பூட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. மழைக்கும் வெயிலுக்கும் அகலவாக்கில் பலகை விரிந்து சுருங்கும். கால் தகட்டின் துளைகளை அந்தத் திசையில் 6 மில்லிமீட்டர் நீட்டி, வாஷர் போட்டு முடுக்குங்கள். பாலிஷ் மேற்பரப்புக்கு எத்தனை கையோ, அடிப்பரப்புக்கும் அத்தனை கை.