ராணி செத்த பிறகுதான் கதை

கேள்வி: ரோமானியர்களிடம் தோற்று அழிந்துபோன கெல்டிக் குடிகளைப் பற்றிய சரித்திர நாவல்கள் என்றால் எனக்கு உயிர். பிரிட்டனில் ரோமானியர்களை எதிர்த்துக் கலகம் செய்த பூடிக்கா ராணியின் கதையைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கடைசிப் போருக்கு மட்டும் பத்து அத்தியாயம் ஒதுக்கலாமா? அவளுக்கு இடுப்பு வரை செம்பட்டை முடி இருந்தது உண்மையா?
(ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: முடி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 'அழிந்துபோன'. உங்கள் கையெழுத்துப் பிரதியில் அந்தச் சொல் எங்கே இருந்தாலும் இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

பிரான்ஸ் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். சீசர் பெயரில் 'சீசரோடூனம்' என்று ஓர் ஊர் இருந்தது. இன்று அந்த ஊரின் பெயர் தூர். அங்கே வாழ்ந்த துரோனஸ் என்ற கெல்டிக் குடியின் பெயரிலிருந்து வந்தது. ஊர்ப் பெயரில் இருந்த சீசர் போய்விட்டான், குடியின் பெயர் நிலைத்துவிட்டது. ஜெர்மனியில் இருக்கும் டிரியர் ஒரு காலத்தில் 'அகஸ்டா டிரெவெரோரம்'. முன்னால் ஒட்டியிருந்த அகஸ்டஸ் உதிர்ந்துபோய், டிரெவெரி என்ற குடியின் பெயர் மட்டும் மிஞ்சியது. பாரிஸ் என்பது பாரிசீ குடி. நான்த் என்பது நாம்னெத்தஸ் குடி. வேல்ஸில் இன்றும் 5 லட்சம் பேருக்கு மேல் பேசும் மொழி, ரோமானியப் படையை எதிர்த்து நின்ற பிரிட்டானியர்கள் பேசிய மொழியின் நேர் வாரிசு. பாலத்துக்கும் ஜன்னலுக்கும் லத்தீனிலிருந்து சொல் வாங்கிக்கொண்டார்கள், மொழியை விடவில்லை.

உங்கள் தெருவில் நிற்கிற கார்கூட அவர்கள் கொடுத்த சொல்தான். சீசர் பிடித்த கால்லியா நாட்டுக் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) கெல்ட்டுகள் சக்கர வண்டியைக் 'கர்ரோஸ்' என்றார்கள். வண்டி செய்வதில் ரோமானியர்களுக்கு அவர்கள் வாத்தியார்கள். வண்டியோடு சேர்த்துச் சொல்லையும் ரோமானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நம் வாசலில் வந்து நிற்கிறது. கதவுக்குக் கீல் மாட்ட வரும் கார்பெண்டரும் அந்த வீட்டுப் பிள்ளைதான். 'கார்பென்டம்' என்பது கெல்ட்டுகளிடமிருந்து வாங்கிய இன்னொரு வண்டிப் பெயர். அதைச் செய்கிறவன் கார்பென்டாரியஸ். அழிந்துபோனவர்களின் வண்டியில் ஏறிக்கொண்டு அவர்களை அழிந்துபோனவர்கள் என்று சொல்லலாமா?

எனக்கு இதில் ஒரு பழைய சண்டை உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு பதிப்பாளரிடம், ரோமானியர் காலத்துப் பிரிட்டனைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் வரவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன். "ராணி செத்ததோடு கதை முடிஞ்சுதே சார், அப்புறம் என்ன இருக்கு?" என்றார். அப்புறம் 350 வருஷம் இருக்கிறது! பூடிக்காவின் கலகம் கி.பி. 60-61இல். ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டுப் போனது 410 வாக்கில். இடையில் பத்துப் பன்னிரண்டு தலைமுறைகள் பிறந்து, கல்யாணம் கட்டி, வரி கட்டி, பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்து வாழ்ந்திருக்கின்றன. கத்தியை உருவுகிற பக்கத்தில் தொடங்கி, கத்தி கீழே விழுகிற பக்கத்தில் முடிக்கிற நாவலாசிரியர்கள் இவர்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு அந்தப் பதிப்பாளரிடம் கோபமாகத்தான் எழுந்து வந்தேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

சரி, முடி. இடுப்பு வரை விழும் செம்பட்டை முடியை எழுதி வைத்தவர் ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. பூடிக்கா செத்து ஏறத்தாழ நூறு வருஷம் கழித்துப் பிறந்தவர். அவருக்கு முன்னாலேயே இந்தக் கலகத்தை எழுதிய இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் மாமனார், கலகம் நடந்தபோது இளம் அதிகாரியாக பிரிட்டனில் இருந்தவர். அந்த டாசிட்டஸ் முடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் சொல்வது ஓர் உயிலைப் பற்றி.

ஐசீனி குடியின் அரசன் பிரசுட்டாகஸ், பூடிக்காவின் கணவன், ரோமுக்கு அடங்கி நடந்தவன். சாகும்போது நீரோ சக்கரவர்த்தியையும் தன் இரண்டு மகள்களையும் வாரிசுகளாக எழுதிவைத்தான். பாதியைக் கொடுத்தால் மீதியாவது பிழைக்கும் என்ற கணக்கு. ரோமானிய அதிகாரிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ராணியைச் சவுக்கால் அடித்தார்கள், மகள்களைக் கெடுத்தார்கள், தலைக்கட்டுக் குடும்பங்களின் பரம்பரை நிலத்தைப் பிடுங்கினார்கள். இதோடு கடன் வேறு. தத்துவஞானி செனெகா பிரிட்டானியர்களுக்கு 4 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கடன் கொடுத்து, அதை ஒரே நேரத்தில் கெடுபிடியாகத் திரும்பக் கேட்டார் என்கிறார் டியோ. உயில், கடன், வட்டி, ஜப்தி! நம் வாசகர்களுக்கு இதில் எந்தச் சொல்லை விளக்க வேண்டும்? உங்கள் பத்து அத்தியாயத்தை உயிலுக்குக் கொடுங்கள். போருக்கு ஒன்று போதும். அதிலும், பிரிட்டானியர்கள் 80,000 பேர், ரோமானியர்கள் 400 பேர் செத்தார்கள் என்ற கணக்கை எழுதியது ஜெயித்தவர்கள் பக்கம் என்பதை மறக்க வேண்டாம்.

போர் முடிந்ததும் இரண்டு பேர் வருகிறார்கள். இவர்களுக்காகத்தான் நான் இத்தனை பக்கத்தைச் செலவழிக்கிறேன்.

லண்டனில் டவர் ஹில் பக்கம், பழைய நகர மதிலின் கொத்தளத்தில் கட்டுக்கல்லாகச் செருகியிருந்த ஒரு கல்லறைக் கல் 1852இல் கிடைத்தது. அதே கல்லறையின் இன்னொரு துண்டு 1935இல் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். கல்லறை யாருடையது? ஜூலியஸ் கிளாசிசியானஸ். கலகத்துக்குக் காரணமான வரி அதிகாரி கடல் தாண்டி ஓடிப்போன பிறகு அந்த நாற்காலிக்கு அனுப்பப்பட்டவன். அவன் வந்தபோது ஆளுநர் சூட்டோனியஸ் பாலினஸ் நெருப்போடும் கத்தியோடும் ஊர் ஊராகப் பழிவாங்கிக்கொண்டிருந்தான். கிளாசிசியானஸ் ரோமுக்குக் கடிதம் எழுதினான்: இந்த ஆளை மாற்றாமல் சண்டை ஓயாது. விசாரிக்க ஆள் வந்தது. கடைசியில் ஆளுநர் மாறினான். சொந்தப் பகைக்காகப் பொதுக்காரியத்தைக் கெடுத்தவன் என்று டாசிட்டஸ் கிளாசிசியானஸைத் திட்டுகிறார். எனக்கு டாசிட்டஸ் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்த ஒரு வரியை மட்டும் மன்னிக்க முடியவில்லை. எத்தனை கிராமங்கள் அந்தக் கடிதத்தால் எரியாமல் தப்பியிருக்கும்!

கல்லை நட்டவள் மனைவி. பெயர் ஜூலியா பாக்காட்டா, இண்டஸின் மகள். இண்டஸ் யார் தெரியுமா? டிரெவெரி குடியில் பிறந்த கெல்ட். கி.பி. 21இல் அவன் ஜனங்களே ரோமுக்கு எதிராகக் கிளம்பியபோது, ரோமின் பக்கம் நின்று அதை அடக்கியவன். மகளுக்கு வைத்த 'பாக்காட்டா' என்ற லத்தீன் பெயருக்கு 'அமைதிக்குக் கொண்டுவரப்பட்டவள்' என்று அர்த்தம். அடக்கி அமைதியாக்கிய நாட்டுக்கும் ரோமானியர்கள் அதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

அவள் வந்து இறங்கிய லண்டனை நினைத்துப் பாருங்கள். பூடிக்காவின் ஆட்கள் கொளுத்திய ஊர். எரிந்து சிவந்த மண் படலம் இன்றும் லண்டன் தெருக்களுக்கு அடியில் தோண்டும்போது வருகிறது. அந்தச் சாம்பலின் மேல் நடந்து போகிறாள் ஒரு வரி அதிகாரியின் மனைவி. கால்லியாவின் பேச்சும் பிரிட்டனின் பேச்சும் அதிகம் வேறுபடாதவை என்று டாசிட்டஸே எழுதியிருக்கிறார். அப்படியானால் சந்தையில் பெண்கள் அவள் கணவனைப் பற்றியும் அவளைப் பற்றியும் முணுமுணுப்பது அவள் காதில் விழும், புரியும். அவள் திரும்பிப் பார்ப்பாளா? புரியாதவள் மாதிரி நடப்பாளா? வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்வாளா? அவன் எழுதிய கடிதத்துக்கும் அந்தச் சந்தைப் பேச்சுக்கும் தொடர்பு உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் எந்தக் கல்லிலும் இல்லை. நாவலாசிரியர்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஓர் ஆளைக் காட்டாமல் விட மனமில்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் சூலிஸ் என்று ஒரு கெல்டிக் தெய்வம். ரோமானியர்கள் அவளைத் தங்கள் மினர்வாவோடு சேர்த்துக் கும்பிட்டார்கள். ஊற்றுக்குள்ளிருந்து சுமார் 130 சாபத் தகடுகளை எடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று டோசிலியானஸ் என்பவனுடையது. தன் மேலங்கியைத் திருடியவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, அதைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவனுக்குத் தூக்கமும் பிள்ளையும் வேண்டாம் என்று தெய்வத்திடம் முறையிடுகிறான். அப்பா பெயர் புரூகெருஸ், கெல்டிக் பெயராகத்தான் தெரிகிறது. பிள்ளையின் பெயரில் லத்தீன் ஏறிவிட்டது. தொலைந்த அங்கிக்கு அவன் சொல்லும் பெயர் 'கரகல்லா', தலைமூடி வைத்த கால்லியா நாட்டு உடை. அதே உடையை ஆசையாகப் போட்டுத் திரிந்ததால் ஒரு ரோமானியச் சக்கரவர்த்திக்கே கரகல்லா என்று பட்டப்பெயர் வந்தது. 212இல் சாம்ராஜ்யத்தின் சுதந்திரக் குடிகள் அத்தனை பேருக்கும் ரோமானியக் குடியுரிமை கொடுத்தவன் அவன்தான். வரி கூடும் என்பதற்காகக் கொடுத்தான் என்கிறார் டியோ. எதற்காகக் கொடுத்திருந்தாலும், கெல்ட்டுகளின் அங்கிப் பெயரைச் சுமந்தவன் கையால்தான் அந்த ஜனங்கள் ரோமானியர் ஆனார்கள். எனக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

எங்கே தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அந்த வருஷம் ஐசீனிகள் விதைக்கவில்லை. ரோமானியர்களின் தானியத்தைப் பிடித்துவிடலாம் என்று நம்பி, வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் போருக்குப் போய்விட்டார்கள். தோற்றுத் திரும்பியவர்களைக் கத்தியைவிடப் பஞ்சம்தான் அதிகம் வாட்டியது. நீங்கள் அங்கே தொடங்குங்கள். ராணி செத்தாயிற்று. ஒரு பெண் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். திரிகைக்கல் இருக்கிறது, அரைக்க ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு பானையின் அடியில் ஒரு கை பார்லி. அதைத் தின்பதா, விதைப்பதா? விதைத்தால், அவள் வம்சத்தில் யாராவது ஒருவர் பின்னாளில் ரோமானியர்கள் கட்டிய 'வெண்டா ஐசீனோரம்' என்ற ஊரின் சந்தையில், தன் குடிப் பெயரையே தாங்கிய ஊரில், தானியம் விற்றுக்கொண்டு நிற்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வையுங்கள். முதல் அத்தியாயத்தை எனக்கே அனுப்புங்கள்.