சூதாட்டக் காசில் தொடங்கிய ஆட்டம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க வீராங்கனை பேப் ஜஹாரியாஸ் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். 1932 ஒலிம்பிக்கில் தடை ஓட்டம், ஈட்டி எறிதல் என இரண்டு தங்கம் வாங்கியவர் கோல்ஃபிலும் கொடிகட்டிப் பறந்தது வியப்புதான். ஆனால் கோல்ஃப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு ஆயிற்றே? திறந்த கதவு வழியாக உள்ளே போன பெண்களை நீங்கள் முன்னோடிகள் என்று கொண்டாட என்ன இருக்கிறது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கதவு திறந்திருந்தது, சீமாட்டிகளுக்கு. பேப் நார்வேயிலிருந்து டெக்சஸுக்குக் குடியேறிய உழைப்பாளிக் குடும்பத்துப் பெண். 1935இல் டெக்சஸ் பெண்கள் அமெச்சூர் போட்டிக்கு, அதாவது காசு வாங்காமல் ஆடுபவர்களின் போட்டிக்கு, வந்தபோதே கிளப்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஜெயித்தார். உடனே, வேறு விளையாட்டில் காசு வாங்கியவள், நீ அமெச்சூர் அல்ல என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஒதுக்கிவிட்டது. சரி, தொழில்முறையில் ஆடலாம் என்றால் பெண்களுக்குப் போட்டிகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1940இல் தொழில்முறைக்கு மாறிய பேட்டி பெர்க் என்ற வீராங்கனைக்குச் சோறு போட்டது வில்சன் என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனி. ஊர் ஊராகப் போய் அடித்துக் காட்டுவார், கற்றுக்கொடுப்பார்.

1944இல் ஹோப் சீக்னியஸ் என்ற கோல்ஃப் வீராங்கனை இரண்டு தோழிகளோடு பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். முதல் பெண்கள் யு.எஸ். ஓப்பன் போட்டி 1946இல், வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் நடந்தது. பரிசுப் பணம் 19,700 டாலர். அந்த ஊர் ஆண்களின் சங்கம் ஒன்று, தன் ஸ்லாட் மெஷின் என்ற சூதாட்ட இயந்திரங்களில் விழுந்த காசை அள்ளிக் கொடுத்தது! பெர்க் ஜெயித்தார். கைக்கு வந்தது ரொக்கமல்ல, அரசுக் கடன் பத்திரங்கள்.

சீக்னியஸின் சங்கம் தாக்குப்பிடிக்கவில்லை. அவர் பெயரை இன்று யாரும் சொல்வதுமில்லை. என் குறிப்பிலும் விட்டுப்போயிற்று, தவறுதான். 1950இல் பதின்மூன்று பெண்கள் எல்பிஜிஏ என்ற பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெர்க் முதல் தலைவர். அவர்களில் ஒருவரான மார்லின் பவருக்கு அப்போது 16 வயது.

நான் முன்னோடி என்று சொன்னது இவர்கள் அடித்த பந்துக்காக மட்டுமல்ல. காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக அடுத்த ஊருக்குப் போவார்கள். போனதும் மைதானத்தில் எல்லைக் குச்சி நடுவது, யார் யாரோடு ஆடுவது என்று பட்டியல் போடுவது, விதித் தகராறைத் தீர்ப்பது, கடைசியில் பரிசுக் காசோலை எழுதுவது எல்லாம் அவர்களேதான். தீர்ப்புச் சொல்பவரே எதிராளியும். எத்தனை மனக்கசப்பு வந்திருக்கும்! கூட்டம் சேர்க்க, அவர்களில் இன்னொருவரான மேரிலின் ஸ்மித் பேஸ்பால் மைதானத்தில் நின்று கோல்ஃப் பந்தைத் தூரத்துக்கு அடித்துக் காட்டுவார். குத்துச்சண்டை அரங்கிலும் ஏறியிருக்கிறார்கள். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே, வியர்வையும் ரத்தமும் காயாத மேடையில் நின்று மைக்கைப் பிடித்து, எங்கள் ஆட்டத்துக்கும் வாருங்கள் என்று அழைப்பு. கல்யாண வீட்டில் வாசலில் நின்று வரவேற்பவர்களும் பந்தி பரிமாறுபவர்களும் மணப்பெண்ணும் ஒரே ஆட்கள் என்றால் எப்படி இருக்கும்?

பேப் இல்லாமல் கூட்டம் வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு மறுவருடம், 1954 யு.எஸ். ஓப்பனை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில், அதாவது அடுத்தவரைவிட 12 அடி குறைவாக அடித்து, வென்றவர் அவர். ஆனால் பதின்மூவரில் ஒருவரான லூயிஸ் சக்ஸ் 1949 யு.எஸ். ஓப்பனில் இதே பேப்பை 14 ஸ்ட்ரோக்கில் தோற்கடித்தது எத்தனை பேருக்குத் தெரியும்? சக்ஸுக்கு அந்த வருத்தம் இருந்தது. நியாயமான வருத்தம்.

பணக்கார விளையாட்டு என்று நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. மீதியை ஆல்தியா கிப்சன் சொல்வார். தென் கரோலினாவில் பருத்தி விளைவித்த குத்தகைக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். 1957, 1958 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் சாம்பியன். அப்போது டென்னிஸிலும் பணம் இல்லை. 1960களில் எல்பிஜிஏவில் சேர்ந்தார், முதல் கறுப்பினப் பெண்ணாக. சில ஊர்களில் அவர் மைதானத்தில் ஆடலாம், கிளப் கட்டடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. விம்பிள்டன் கோப்பையை எலிசபெத் ராணியின் கையிலிருந்தே வாங்கியவர், காருக்குள் உட்கார்ந்து ஷூ மாற்றிக்கொண்டுதான் முதல் குழிக்கு நடந்தார்.